ஊசிக்குக் கணக்கு உண்டு, குண்டுக்குக் கணக்கு இல்லையா?



திருப்பூரில் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஓவர்லாக் மெஷினில் ஓடிக் கொண்டிருக்கும் ஊசி ஒன்று உடைந்து விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓர் ஊசியின் விலை என்ன? சில ரூபாய். ஆனால் டெய்லர் உடனே மெஷினை நிறுத்த வேண்டும். சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். எல்லாத் துண்டும் கிடைத்தால் அவற்றை ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் போச்சு! அந்தக் கட்டு முழுவதையும் தனியே எடுத்து வைத்து, நீடில் டிடெக்டர் மெஷினில் விட்டுப் பார்த்தாக வேண்டும்.

எதற்காக இவ்வளவு பாடு? ஜெர்மனியிலோ பிரான்சிலோ ஏதோ ஒரு வீட்டில் இந்தப் பனியனைப் போடப் போகும் குழந்தையின் உடம்பில் இரும்புத் துணுக்கு ஒன்று குத்திவிடக் கூடாது. அதற்காகத்தான்!

நல்ல சட்டம். இதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு குழந்தைக்காக, காதர்பேட்டைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் ஒரு டெய்லர் தரையில் குனிந்து ஊசித் துண்டைத் தேடுகிறார் என்றால், அது மனிதத் தன்மை. மார்க்கமும் அதைத்தான் சொல்கிறது.

இப்போது இன்னோர் ஏற்றுமதியைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து போன கப்பல்

2024 மே மாதம். மரியான் டானிகா என்ற சரக்குக் கப்பல் ஸ்பெயின் நாட்டின் கார்த்தஹேனா துறைமுகத்தில் நின்று போக அனுமதி கேட்டது. ஸ்பெயின் அரசு மறுத்தது. இஸ்ரேலுக்கு ஆயுதச் சரக்கு கொண்டு போகும் எந்தக் கப்பலுக்கும் எங்கள் துறைமுகத்தில் இடமில்லை என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அல்பாரெஸ் வெளிப்படையாக அறிவித்தார். கப்பலில் 27 டன் வெடிபொருள் இருந்ததாகவும், அது ஹைஃபா துறைமுகத்துக்குப் போவதாகவும் ஸ்பெயின் பத்திரிகைகள் எழுதின.

அந்தக் கப்பல் எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? நம் சென்னையிலிருந்து!

உங்கள் பனியன் பெட்டிகளும் சென்னை, தூத்துக்குடி, கொச்சி என்று இதே போலத் துறைமுகம் வழியாகத்தான் போகின்றன. உங்கள் பெட்டிக்கு எத்தனை காகிதம்! பஞ்சு எங்கே விளைந்தது? நூல் எந்த மில்? சாயத்தில் தடை செய்யப்பட்ட ரசாயனம் உண்டா? தைத்தவருக்கு வயது என்ன? ஓவர்டைம் கொடுத்தீர்களா? சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்கள் என்று சொல்லி, 2022 ஜூன் முதல் அந்தப் பகுதிப் பஞ்சு கலந்த துணி அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் நீங்கள் காகிதம் காட்டுகிறீர்கள். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால் வழியில் இ-வே பில் கேட்கிறார்கள்.

ஒரு குழந்தையின் பனியனுக்கு இவ்வளவு கேள்வி! 27 டன் வெடிபொருளுக்கு என்ன கேள்வி கேட்கப்பட்டது? அது எந்தக் குழந்தையின் மேல் விழும் என்று எந்த நோட்டில் எழுதி ஒட்டினார்கள்?

ஸ்பெயின்காரர்கள் சொல்லித்தான் சென்னைக்காரனுக்குத் தன் ஊரிலிருந்து என்ன போனது என்று தெரிய வேண்டுமா?

இரண்டு படி

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் எதைப் பற்றியது என்று வியாபாரிகளான உங்களுக்குத் தெரியும். தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்கான எச்சரிக்கை அது. நபி ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களிடம் போராடியதும் இந்த அளவு நிறுவைக்காகத்தான். வீட்டுக்கு ஒரு படி, கடைக்கு ஒரு படி வைத்திருந்தால் அந்தச் சமூகம் உருப்படாது.

இன்று நம் நாட்டின் சட்டத்தில் இரண்டு படி இருக்கிறது. பனியனுக்கு ஒரு படி, குண்டுக்கு ஒரு படி. இதுதான் என் குற்றச்சாட்டு. வெறும் ஆவேசத்தில் சொல்லவில்லை. சட்டத்தையே பார்ப்போம்.

ஆயுதமோ, ஆயுதத்துக்குப் பயன்படும் பொருளோ வெளிநாட்டுக்குப் போக வேண்டுமானால் ஸ்கோமெட் என்ற பட்டியல் உண்டு. 1992ஆம் ஆண்டின் அந்நிய வாணிபச் சட்டத்தின் கீழ் வருவது அது. போர்த் தளவாடங்கள் அந்தப் பட்டியலின் ஆறாவது பிரிவில் இருக்கின்றன. அவற்றுக்கு அனுமதி தருவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள பாதுகாப்பு உற்பத்தித் துறை. வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார், பாதி வழியில் வேறு கைக்குப் போய்விடுமா, பயங்கரவாதிகளிடம் சிக்கிவிடுமா என்றெல்லாம் விதிகளில் கேள்விகள் இருக்கின்றன. இருக்கிறதை இல்லை என்று சொல்லக் கூடாது.

ஆனால் ஒரு கேள்வி அந்த விதிகளில் எழுதப்படவில்லை. வாங்குகிற அரசாங்கமே அதைப் பொதுமக்கள் மீது போட்டால்? மருத்துவமனை மீது, பள்ளிக்கூடத்தின் மீது போட்டால்? அப்படிப்பட்ட ஆபத்து தெரிந்தால் அனுமதி மறுக்கப்பட வேண்டும் என்று தெளிவாக ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

உலகத்தில் அப்படி ஒரு வரி இல்லாமல் இல்லை. 2013 ஏப்ரல் 2ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தை ஏற்றுக் கொண்டது. 154 நாடுகள் ஆதரித்தன. இனப்படுகொலைக்கும் போர்க்குற்றத்துக்கும் பயன்படும் என்று தெரிந்தால் ஆயுதம் கொடுக்கக் கூடாது என்கிறது அந்த ஒப்பந்தம். இந்தியா என்ன செய்தது? வாக்களிக்காமல் ஒதுங்கியது. இன்றுவரை கையெழுத்திடவில்லை. ஆயுதம் விற்கும் நாடுகளுக்குச் சாதகமாக இருக்கிறது, வாங்கும் நாடுகளுக்குப் பாதகமாக இருக்கிறது என்று அன்று காரணம் சொன்னார்கள். அன்று நாம் வாங்குகிறவர்கள். இன்று? விற்கிறவர்கள்! 2013-14ல் 686 கோடி ரூபாயாக இருந்த ராணுவத் தளவாட ஏற்றுமதி 2024-25ல் 23,622 கோடி ரூபாய் ஆகிவிட்டது. 2029க்குள் 50,000 கோடி என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். திருப்பூர் தன் வியர்வையால் ஐம்பது வருடத்தில் எட்டிய தொகையைக் குண்டும் துப்பாக்கியும் எட்டிப் பிடிக்க வேண்டுமாம்!

கணக்கு ஏறியது. கேள்வி ஏறவில்லை. மொத்தம் எவ்வளவு கோடி என்று பெருமையாக அறிவிக்கிறார்கள். எந்த நாட்டுக்கு, எந்தப் பொருள், எவ்வளவு என்ற முழுப் பட்டியலை மக்கள் முன் வைப்பதில்லை.

இது பாலஸ்தீனத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2021ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, இந்தியாவிலிருந்து 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் அவை சார்ந்த பொருள்களும் அங்கே போயிருக்கின்றன என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் சொன்னார். ரோஹிங்யா மக்களை விரட்டியடித்த அதே ராணுவம்! அந்த மக்கள் நம் நாட்டுக்கு ஓடி வந்தால் ஊடுருவல்காரர்கள் என்கிறார்கள். அவர்களை ஓட வைத்தவனுக்கு நம் நாட்டுச் சரக்கு போகிறது. இதைவிட இரண்டு படி வேண்டுமா?

லேத் பட்டறை வரை வந்துவிட்டது

ஆயுதம் எங்கோ தயாராகிறது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டு ராணுவத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், திருச்சி, கோவை என்று அதற்கு ஐந்து மையங்கள். கோவை திருப்பூருக்கு அடுத்த வீடு. பம்பு செட்டுக்கும் மில் மெஷினுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுத்த பட்டறைகளுக்கு நாளை வேறு வகை ஆர்டரும் வரலாம். நாட்டைக் காக்கும் நம் ராணுவத்துக்குப் பொருள் செய்வதை யாரும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அதே பொருள் கப்பல் ஏறும்போது, என் லேத்தில் ஓடிய இந்த இரும்பு எங்கே போகிறது என்று கேட்க அந்தப் பட்டறைக்காரருக்கு உரிமை வேண்டாமா? இன்று அப்படிக் கேட்க அவருக்குச் சட்டத்தில் வழியில்லை.

வழியில்லாவிட்டாலும் சிலர் கேட்டார்கள். 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று அறிவித்தது. அந்தத் துறைமுகத் தொழிலாளர்களில் முஸ்லிம் எத்தனை பேர், இந்து எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. தோளில் சுமை தூக்குகிறவனுக்குச் சுமையின் பாவம் புரிந்தது.

நீதிமன்றத்தின் இரண்டு கதவு

2011 ஜனவரியை திருப்பூர் மறக்காது. நொய்யலில் சாயத் தண்ணீர் கலக்கிறது என்று விவசாயிகள் போராடினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நாளில் இருண்டன. ஏற்றுமதி என்னாவது, அந்நியச் செலாவணி என்னாவது என்று வியாபாரிகள் கதறினார்கள். அன்று பாதிக்கப்பட்டவர்களில் நம் சகோதரர்களும் உண்டு. ஆனால் நீதிமன்றம் அசையவில்லை. ஒரு சொட்டுக் கழிவுநீர் கூட வெளியே விடக் கூடாது என்ற விதியை நிறைவேற்று, பிறகு வா என்றது. கடன் வாங்கி, சுத்திகரிப்பு நிலையம் கட்டி, அதையும் செய்து காட்டியது திருப்பூர்.

ஆற்றில் விழும் சாயத்துக்கு அன்று நீதிமன்றக் கதவு திறந்தது. 2024ல் இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரி ஓய்வு பெற்ற அரசு அதிகாரிகளும் அறிஞர்களுமாகப் பதினொரு பேர் உச்சநீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 9ஆம் தேதி மனு தள்ளுபடியானது. வெளியுறவுக் கொள்கையில் நீதிமன்றம் தலையிட முடியாது என்றார்கள்.

நீதிமன்றத்தை அவமதிப்பது என் நோக்கமல்ல. அந்தத் தீர்ப்பிலிருந்து நான் படிக்கும் பாடம் வேறு. சாயத் தண்ணீருக்குச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது, அதனால் நீதிபதியின் கையில் தராசு இருந்தது. குண்டுக்குச் சட்டத்தில் வரி இல்லை, அதனால் தராசும் இல்லை. அப்படியானால் வரியை எழுத வைக்க வேண்டிய இடம் எது? நாடாளுமன்றம். எழுத வைக்க வேண்டியவர்கள் யார்? ஓட்டுப் போட்ட நாம்!

அந்தக் கப்பலுக்கு இடம் மறுத்த அதே ஸ்பெயின், 2025 அக்டோபரில் இஸ்ரேலுடன் ஆயுத வாணிபத்துக்கான தடையை நாடாளுமன்றத்தில் வைத்துச் சட்டமாக்கிக் கொண்டது. அமைச்சரின் வாய்ச்சொல்லை நம்பி இருக்காமல் எழுத்தில் கொண்டு வந்தார்கள். அந்த மாதமே காஸாவில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது உண்மை. அதற்குள் 67,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகக் காஸா சுகாதாரத் துறை கணக்குச் சொன்னது. போர்நிறுத்தம் வந்ததால் சட்டத்தின் ஓட்டை அடைபடாது. அடுத்த போருக்கு அது திறந்தே இருக்கும்.

மனிதனும் ஏற்றுமதியாகிறான்

சரக்கு மட்டுமா கப்பல் ஏறுகிறது? மனிதனும்தான்.

2023 அக்டோபருக்கு முன், மேற்குக் கரையிலிருந்து சுமார் ஒன்றரை லட்சம் பாலஸ்தீனர்களும் காஸாவிலிருந்து சுமார் 18,000 பேரும் இஸ்ரேலில் கூலி வேலை செய்தார்கள். பெரும்பகுதி கட்டட வேலை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு பெர்மிட். விடியும் முன் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று போவார்கள். அக்டோபர் 7க்குப் பிறகு அந்தப் பெர்மிட்டுகள் நிறுத்தப்பட்டன. இஸ்ரேலில் சிக்கிய காஸாத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பிடித்து வைக்கப்பட்டு, நவம்பர் மாதம் குண்டு விழுந்து கொண்டிருந்த காஸாவுக்குள் நடக்க வைத்து அனுப்பப்பட்டார்கள்.

ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? 2025 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்று அறிவித்தபோது திருப்பூரில் எத்தனை பேருக்குத் தூக்கம் போனது! கம்பெனி வைத்திருக்கும் உங்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு சீட்டை மட்டும் நம்பியிருந்த கொத்தனாரின் கதி என்ன?

அந்தப் பெர்மிட் நிறுத்தப்பட்ட இடத்துக்கு ஆள் வேண்டுமே! அதே 2023 நவம்பரில் இந்திய அரசு இஸ்ரேலோடு ஒப்பந்தம் செய்து கொண்டது. 2024 ஜனவரியில் ஹரியானாவின் ரோத்தக்கிலும் உத்தரப் பிரதேசத்தின் லக்னோவிலும் ஆள் தேர்வு நடந்தது. கம்பி கட்டுபவர், ஓடு ஒட்டுபவர், பூச்சு வேலை செய்பவர். மாதம் 1 லட்சத்து 37 ஆயிரம் ரூபாய் சம்பளம். குளிரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த இளைஞர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். இங்கே வேலை இருந்தால் குண்டு விழும் ஊருக்கு யார் போவார்கள்? என் கேள்வி அனுப்பியவர்களிடம்.

1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி முத்திரை வாங்க வேண்டும். ஏன்? அங்கே ஏமாற்றப்படலாம், பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக. நல்லது. அந்த 18 நாடுகளின் பட்டியலில் இஸ்ரேல் இல்லை! அமைதியாக இருக்கும் ஊருக்குப் போகிறவனுக்கு முத்திரை வேண்டும். ராக்கெட் விழும் ஊருக்குப் போகிறவனுக்கு வேண்டாம். ஒப்பந்தம் போட்ட அரசாங்கமே அழைத்துப் போய் விட்டது. 2024 மார்ச் 4ஆம் தேதி இஸ்ரேலின் வடக்கு எல்லையில் ஒரு தோட்டத்தில் வேலை செய்து கொண்டிருந்த கேரளத்துக்காரர் ஒருவர் ஏவுகணைத் தாக்குதலில் இறந்தார். அதற்குப் பிறகும் ஆள் அனுப்பப்பட்டது.

இப்போது 1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டு வரத் திட்டமிட்டிருக்கிறார்கள். 2019லும் 2021லும் இரண்டு வரைவுகள் வந்து அப்படியே நின்றன. 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் இன்னொரு வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது. வெளிநாட்டு நகர்வு, வசதி, நலன் என்றெல்லாம் பெயரிலேயே இனிப்பு இருக்கிறது. கருத்துச் சொல்லச் சில வாரங்களே அவகாசம் கொடுத்தார்கள். எத்தனை ஜமாஅத் எழுதியது? எத்தனை வியாபாரிகள் சங்கம் எழுதியது? கல்யாணப் பந்தலில் சாப்பாட்டு வரிசைக்குச் சண்டை போடும் நமக்கு, நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைத் தீர்மானிக்கும் சட்டத்தைப் படிக்க நேரமில்லை!

2024 ஜூன் 12ஆம் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்ததே, 45 இந்தியர்கள் இறந்தார்களே! அதில் ஏழு பேர் தமிழர்கள். போனவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று சட்டத்தில் எழுத வைக்காவிட்டால், ஜனாஸா வந்து இறங்கும் விமான நிலையத்தில்தான் நாம் சட்டம் பேசிக் கொண்டிருப்போம்.

நம் வீட்டுப் படி

இவ்வளவு நேரம் தலையாட்டிக் கொண்டே படித்தீர்கள் அல்லவா? இனி வருவது கசக்கும்.

சென்ற வருடம் ரமளானுக்கு முன் ஒரு பவர் டேபிள் யூனிட்டுக்குப் போயிருந்தேன். உரிமையாளர் நம் ஜமாஅத்துக்காரர். முதல் ஸஃப்பில் நிற்பவர். பள்ளிவாசல் கட்டடத்துக்கு அள்ளிக் கொடுத்தவர். அங்கே செக்கிங் டேபிள் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் அழுத கண்ணோடு நின்றான். மதரஸாவில் படித்த உருது எனக்குக் கைகொடுத்தது. பேசினேன். ஊரில் தாய்க்கு உடம்பு சரியில்லை. போக வேண்டும். இரண்டு வாரச் சம்பளம் லேபர் கான்ட்ராக்டரிடம் நிற்கிறது. ஆதார் அட்டையும் ஏ.டி.எம். கார்டும் அவரிடம்தான். சீசன் முடியட்டும், பிறகு போ என்கிறார்.

உரிமையாளரிடம் கேட்டேன். "ஹஜ்ரத், அது கான்ட்ராக்டர் விஷயம். நான் அவருக்குத்தான் பணம் கொடுக்கிறேன். அவர் என்ன செய்கிறார் என்று நான் எப்படிக் கேட்பது?" என்றார்.

இந்த வார்த்தையை வேறு எங்கோ கேட்டது போல் இல்லையா? விற்பது எங்கள் வேலை, வாங்கியவன் எங்கே போடுகிறான் என்பது எங்கள் விஷயமல்ல! டெல்லி சொன்னதும் இதைத்தானே?

உண்மையைச் சொல்லி விடுகிறேன். அன்று நானும் வாயை மூடிக் கொண்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் நம் இயக்கத்துக்கும் கொடுப்பவர். இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஃபஜ்ர் முடிந்ததும் போய் நின்றேன். மனிதர் நல்லவர், கோபப்படவில்லை. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பணத்தையும் கார்டையும் வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்தப் பையன் தன்பாத் ரயில் ஏறினான். ஆனால் நான் ஒரு நாள் தாமதித்தேன். அந்த ஒரு நாளுக்கு என்னிடம் பதில் இல்லை.

தொழிலாளியின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபிமொழியை மேடைதோறும் சொல்கிறோம். அது முஸ்லிம் தொழிலாளிக்கு மட்டும் என்று எந்த கிதாபில் இருக்கிறது?

நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன காலத்தில் துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது. கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921ல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. வளைகுடாவில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக் கொண்ட கஃபீலும் அதே கங்காணிதான். முஸ்லிம் நாடு என்பதற்காக அதை நியாயம் என்று சொல்ல முடியுமா? இஸ்ரேலின் பெர்மிட் அநியாயம், அரபியின் கஃபாலா அநியாயம் என்று சொல்லும் நாக்கு, அவிநாசி ரோட்டில் ஆதார் அட்டையைப் பூட்டி வைக்கும் கான்ட்ராக்டரைக் கண்டால் ஏன் உள்ளே போய் ஒளிந்து கொள்கிறது?

சட்டமும் இங்கே இளைத்துப் போயிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது பத்துப் பேர் ஆகிவிட்டது. பழைய சட்டத்தில் இருந்த இடம்பெயர்வுப் படியும் போய்விட்டது. ஏழெட்டுப் பேரை வைத்து ஓட்டும் பவர் டேபிள்காரர் தப்பித்தோம் என்று மகிழலாம். சட்டத்திலிருந்து தப்பிக்கலாம் சகோதரரே, மறுமைக் கேள்வியிலிருந்து எப்படித் தப்பிப்பீர்கள்?

2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். பீகார்த் தொழிலாளர்கள் அடிக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. பீகார் அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து விசாரித்தார்கள். அவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால் மெஷின் யார் ஓட்டுவது என்று அன்று எல்லோரும் நடுங்கினார்களே! அந்த நடுக்கம் அடங்கியதும் அவர்களை மறந்து விட்டோம்.

"ஆர்டர் போய்விடும் ஹஜ்ரத்"

சில சகோதரர்கள் சொல்வார்கள்: இந்த அரசியலெல்லாம் பேசினால் நம்மைத் தேசத் துரோகி என்பார்கள், ஆர்டர் போய்விடும்.

வாக்குச் சாவடியில் நிற்பதும், வரைவுச் சட்டத்துக்குக் கருத்து எழுதுவதும், எம்.பி.யைப் பார்த்து மனுக் கொடுப்பதும் துரோகமா? அரசியல் சட்டம் தந்த உரிமை அது. நாம் சட்டத்தை மீறச் சொல்லவில்லை, சட்டத்தை எழுதச் சொல்கிறோம். நமது கோபம் எந்த மதத்தார் மீதும் இல்லை. போரை நிறுத்து என்று டெல் அவிவ் வீதியிலேயே ஊர்வலம் போன யூதர்கள் உண்டு. ஆயுதச் சரக்கைத் தொட மறுத்த நம் துறைமுகத் தொழிலாளர்கள் உண்டு. நாம் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறோம், அவ்வளவுதான்.

ஆர்டர் விஷயம்? உங்களைக் கேள்வி கேட்கும் பையர் இன்று உங்களிடம் மட்டும் கேட்கிறான். அதே கேள்வியை உங்கள் அரசாங்கத்திடமும் கேளுங்கள் என்று நீங்கள் சொன்னால், அதில் உங்கள் நேர்மைதான் தெரியும்.

நாம் கேட்பது என்ன?

அரசிடம் கேட்க நான்கு இருக்கின்றன. ஒன்று: பொதுமக்கள் மீது பயன்படும் ஆபத்து தெரிந்தால் ஆயுத ஏற்றுமதி அனுமதி மறுக்கப்படும், கொடுத்தது ரத்தாகும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். இரண்டு: எந்த நாட்டுக்கு என்ன பொருள் போனது என்ற பட்டியலை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மூன்று: போர் நடக்கும் நாட்டுக்கோ, ஒரு மக்களின் பெர்மிட்டைப் பறித்த இடத்தை நிரப்பவோ இந்தியத் தொழிலாளியை அனுப்பக் கூடாது என்று புதுக் குடிபெயர்வுச் சட்டத்தில் எழுத வேண்டும். நான்கு: வெளிநாடு போன தொழிலாளி ஏமாற்றப்பட்டால் ஏஜென்ட் மீதும் முதலாளி மீதும் அவரே வழக்குப் போடும் உரிமை வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் பத்துப் பேர் உட்கார்ந்து இந்த வரைவைப் படியுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் படித்துச் சொல்லட்டும். ஒரு பக்கம் மனு எழுதி, அதில் இந்துச் சகோதரர், கிறிஸ்தவச் சகோதரர், தொழிற்சங்கத்துக்காரர் என எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி எம்.பி. கையில் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கூட்டம் கூட்டிக் கோஷம் போட்டுக் கலைவதைவிட இது கடினம். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வியாபாரிகளே! உங்களிடம் கேட்பது மூன்றே மூன்று. வெளிமாநிலத் தொழிலாளியின் பெயரும் ஊரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் உங்கள் கையால் ஒரு நோட்டில் இருக்கட்டும். சனிக்கிழமைச் சம்பளம் கான்ட்ராக்டர் கைக்குப் போகாமல் தொழிலாளி கைக்கோ அவர் கணக்குக்கோ போகட்டும். எவருடைய அட்டையும் எந்த மேஜைக்குள்ளும் பூட்டப்படாமல் இருக்கட்டும். பத்துப் பேர் என்று சட்டம் சொன்னாலும், உங்களிடம் இரண்டு பேர் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். அப்போதுதான் டெல்லியைப் பார்த்து விரல் நீட்ட நமக்குத் தகுதி வரும்.

உடைந்த ஊசிக்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறீர்கள். ஒரு துண்டும் தவறாமல் அதில் ஒட்டுகிறீர்கள். ஆடிட்டர் வரும் நாளில் அதைப் பயத்தோடு எடுத்துக் கொடுக்கிறீர்கள். நம் ஒவ்வொருவருக்கும் வேறொரு நோட்டும் எழுதப்பட்டுக் கொண்டிருக்கிறது. அதில் நாம் பேசியதும் இருக்கும், பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக் கொண்டிருந்ததும் இருக்கும். அந்த ஆடிட் நாளில் எந்தக் கான்ட்ராக்டர் மீதும் பழி போட முடியாது.

சென்னையிலிருந்து அந்தக் கப்பல் போன நாளில் நமக்குத் தெரியாது. இப்போது தெரியும். அடுத்த கப்பலுக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

சிந்திப்போம். செயல்படுவோம், இன்ஷா அல்லாஹ்!